பக்க எல்லையில் சிக்கிய மேற்பரப்பு அலை: வெள்ளவத்தைக் கால்வாயோரக் கட்டடம் ஒன்றின் எண்ணியல் மாதிரி பற்றிய நிகழ்வு ஆய்வு

வெள்ளவத்தைக் கால்வாயிலிருந்து சிறிது தூரத்தில், இரண்டு நிலக்கீழ்த் தளங்களும் முப்பது மாடிகளும் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் அடித்தள வடிவமைப்புக்காக நிலநடுக்கக் கணிப்புகளைச் செய்யும் பொறுப்பு எங்கள் சிறு குழுவிடம் வந்தது. கொழும்பின் நிலத்தை அறிந்தவர்களுக்கு அந்த இடத்தின் மண் அமைப்பு வியப்பைத் தராது. மேலே 2 மீற்றர் நிரப்பு மண். அதன் கீழ் 8 மீற்றர் அளவுக்குப் பீற் எனப்படும் உக்கிய தாவரப் படிவும் சேதனக் களியும். பின்னர் 4 மீற்றர் வண்டல் கலந்த மணல். அதற்குக் கீழே ஏறத்தாழ 8 மீற்றர் தடிப்பில் நன்கு சிதைந்த நைஸ் பாறை. 22 மீற்றரில் உறுதியான அடிப்பாறை. கட்டடத்தின் மையத்திலிருந்து மேற்கே 60 மீற்றர் சென்றால் பீற் படை மெலிந்து மறைந்து, கபுக் எனப்படும் செம்புரைக்கல் மேடு தொடங்கிவிடுகிறது. கபுக் மேடுகளும் அவற்றுக்கிடையே சதுப்புப் பள்ளங்களுமாகவே இந்நகரம் அமைந்திருக்கிறது. பழைய வீடுகள் பெரும்பாலும் மேடுகளில் நின்றன; இன்றைய உயர்ந்த கட்டடங்கள் பள்ளங்களுக்குள்ளும் இறங்கத் தொடங்கியுள்ளன.

குழுவிலிருந்த இளம் பொறியியலாளர், நிலத்தைச் சிறு மூலகங்களாகப் பிரித்துக் கணிக்கும் முடிவுறு மூலக முறையில், 240 மீற்றர் அகலமும் 25 மீற்றர் ஆழமும் கொண்ட இருபரிமாண மாதிரி ஒன்றை அமைத்திருந்தார். மண் படைகள் யாவும் கிடையாக இருந்தன. மூலகங்களின் சந்திப்புப் புள்ளிகளான கணுக்களில் இடப்பக்கத்தவையும் வலப்பக்கத்தவையும் ஒரே அளவு அசையவேண்டும் எனப் பிணைக்கப்பட்டிருந்தன. அடியில் பாறைக்கு உரிய நிலநடுக்கப் பதிவு, உச்ச ஆர்முடுகல் 0.1 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு ஆர்முடுகல்) என்ற அளவுக்குச் சீர்செய்யப்பட்டு, கிடைத்திசையில் கொடுக்கப்பட்டிருந்தது. நான்கு படைகளிலும் கொய்வு அலை (மண் துணிக்கைகளைச் செல்திசைக்குக் குறுக்கே அசைக்கும் அலை) மேலேறுவதற்கு எடுக்கும் நேரத்தைக் கூட்டி நான்கால் பெருக்கினால் நிலத்தின் ஆவர்த்தன காலம் ஏறத்தாழ 0.7 செக்கன் என வரும். மாதிரியும் அதையே காட்டியது. நான் அதைப் பார்த்துத் திருப்தியடைந்து, அறிக்கையில் கையொப்பமிடும் நிலையில் இருந்தேன்.

அறிக்கையை மீளாய்வு செய்தவர் மண் பொறியியலில் நெடுங்காலம் கற்பித்து ஓய்வுபெற்றவர். அவர் வரைபடங்களை அமைதியாகப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வியைக் கேட்டார்: “தம்பி, இந்த மாதிரிக்குள் மேற்பரப்பு அலை எந்த வழியாக வரும்?” நான் உடனே பதில் சொல்ல முற்பட்டேன், பாதியில் நின்றுவிட்டேன். “சேர், வழி இல்லை” என்பதே உண்மையான பதில். அந்தக் கேள்விக்கு விடை தேடிய ஆறு வாரங்களின் பதிவே இந்த ஆய்வு. மண் மாதிரிகளில் நிலநடுக்கத்தைச் செலுத்திப் பார்க்கும் நம் மாணவர்களுக்கும் இளம் பொறியியலாளர்களுக்கும் இது பயன்படவேண்டும் என்ற விருப்பத்தினால் விரிவாகவே எழுதுகிறேன்.

மேற்பரப்பு அலை என்பது நாம் மாதிரிக்குள் வெளியிலிருந்து கொண்டுவந்து வைக்கவேண்டிய தனிப்பொருள் அல்ல என்பதை முதலில் மனத்தில் பதிக்கவேண்டும். தரையின் மேற்பரப்பில் தகைப்பு எதுவும் இல்லை என்ற ஒரே நிபந்தனையிலிருந்து அது தானாகப் பிறக்கிறது. 1885 இல் றேலி பிரபு இதைக் கணித முறையில் காட்டினார். செல்திசையிலேயே அமுக்கி விரிக்கும் நெருக்க அலையும் கொய்வு அலையும் மேற்பரப்பில் ஒன்றோடொன்று பிணைந்து, மேற்பரப்பை ஒட்டியே செல்லும் அலை ஒன்றை உருவாக்குகின்றன. அதன் வீச்சம் ஆழத்தோடு விரைவாகக் குறைந்து, ஏறத்தாழ ஓர் அலைநீள ஆழத்தில் புறக்கணிக்கத்தக்கதாகிவிடும். பொய்சோன் விகிதம் (ஒரு திசையில் அமுக்கும்போது பக்கங்களில் விரியும் அளவு) 0.25 ஆக உள்ள ஒருசீரான நிலத்தில் அதன் வேகம் கொய்வு அலை வேகத்தின் 0.92 மடங்கு. மேற்பரப்பிலுள்ள மண் துணிக்கை நீள்வட்டப் பாதையில், அலை செல்லும் திசைக்கு எதிராக உருண்டு வருவதுபோல் அசையும், ஏறத்தாழ 0.19 அலைநீள ஆழத்துக்குக் கீழே அந்தச் சுழற்சி திசை மாறும். 1911 இல் லவ் என்ற கணிதவியலாளர், கடினமான படையின் மேல் மென்படை ஒன்று இருந்தால் கிடையாகக் குறுக்கே அசையும் இன்னொரு மேற்பரப்பு அலையும் உண்டாகும் எனக் காட்டினார். ஆகவே இந்த அலைகள் எழுவதையும் செல்வதையும் வெளியேறுவதையும் தடுக்காமல் இருப்பதே மாதிரியை அமைப்பவரின் கடமை. நாங்கள் அமைத்த மாதிரிகள் அதை நான்கு இடங்களில் தடுத்திருந்தன.

முதலாவது தடை பக்கப் பிணைப்பு. இரு பக்கங்களும் ஒன்றாக அசையவேண்டும், படைகள் கிடையாக இருக்கின்றன, அடியில் கொடுக்கும் அசைவு எங்கும் ஒன்றுபோலவே இருக்கிறது என்றால், மாதிரியின் எந்த நிலைக்குத்துக் கோட்டை எடுத்துப் பார்த்தாலும் அதே அசைவுதான் கிடைக்கும். 240 மீற்றர் அகலமுள்ள மாதிரி உண்மையில் ஒரு மீற்றர் அகலமுள்ள ஒற்றை மண் தூண்தான். கட்டடத்தை உள்ளே வைத்தால் அதைச் சுற்றிச் சிறிது மாற்றம் வரும். ஆனால் மேற்பரப்பில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஓடும் அலைக்கு அங்கே இடமில்லை. மேல்நோக்கிச் செல்லும் கொய்வு அலையை மட்டும் ஆராய்வதற்கு இது முற்றிலும் சரியான எல்லை நிபந்தனை. நாங்கள் எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதை எண்ணிப் பாராமல் அதைப் பயன்படுத்தியதுதான் தவறு.

அப்படியானால் கொழும்பில் அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் வேண்டுமா? எங்கள் குழுவுக்குள் அதிக நேரம் விவாதிக்கப்பட்டது இதுவே. இலங்கையை எட்டும் பெரும் நிலநடுக்கங்கள் சுமாத்திராப் பக்கத்திலிருந்து வருகின்றன. அவ்வளவு தூரம் கடந்து வரும்போது மேலோங்கி நிற்பவை மேற்பரப்பு அலைகளே. நிலத்தின் உள்ளூடாகச் செல்லும் உடல் அலை மூன்று பரிமாணத்திலும் விரிந்து தூரத்துக்கு நேர்மாறாகத் தேய்கிறது. மேற்பரப்பு அலை இரு பரிமாணத்தில் மட்டும் விரிவதால் தூரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறாகவே தேய்கிறது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி காலை, பல்லேகலையிலுள்ள நிலநடுக்கப் பதிவு நிலையத்தில் தரை மேலும் கீழுமாக 9 சென்ரிமீற்றருக்கு மேல் அசைந்ததாகப் பதிவாயிற்று. கடற்கோள் கிழக்குக் கரையை அடைவதற்கு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்கள் இருக்கையில், நில அலை சில நிமிடங்களிலேயே நாடு முழுவதையும் தூக்கி இறக்கிவிட்டுப் போயிருந்தது. அதை உணர்ந்தவர்கள் மிகச் சிலரே.

ஏன் உணரவில்லை என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தோம். 9 சென்ரிமீற்றர் என்பதை 4.5 சென்ரிமீற்றர் வீச்சமாகவும், ஆவர்த்தன காலத்தை 20 செக்கனாகவும் எடுத்துக்கொண்டால், தரையின் உச்ச வேகம் செக்கனுக்கு 1.4 சென்ரிமீற்றர், உச்ச ஆர்முடுகல் 0.0005 ஜியை விடக் குறைவு. அந்த அலையின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 3.5 கிலோமீற்றர், அலைநீளம் 70 கிலோமீற்றர். தரையின் வேகத்தை அலையின் வேகத்தால் வகுத்தால் மண்ணில் ஏற்படும் விகாரம் (உருமாற்ற விகிதம்) கிடைக்கும்: பத்து இலட்சத்தில் நான்கு. 70 கிலோமீற்றர் நீளமான அலைக்கு 22 மீற்றர் மண் என்பது ஒன்றுமே இல்லை. கால்வாயும் கபுக் மேடும் கட்டடமும் ஒரே படகில் ஏறியவைபோல் ஒன்றாக எழுந்து ஒன்றாகத் தாழ்கின்றன. இத்தகைய அலைக்காக மண் மாதிரி அமைப்பது வீண் வேலை என்பதே எனது முடிவு. உயர்ந்த கட்டடத்தின் மேல் மாடிகள் எப்படி ஊசலாடும் என்பது அதனிலிருந்து வேறான கேள்வி. 2012 ஏப்ரல் 11 ஆம் திகதி பிற்பகல் 2.08 மணிக்கு ஏற்பட்ட 8.6 அளவுடைய இந்து சமுத்திர நிலநடுக்கத்தின்போது கொழும்பின் மாடிக் கட்டடங்களிலிருந்து பலர் இறங்கி வீதிக்கு வந்தது நமக்கு நினைவிருக்கிறது. அது பக்கவாட்டில் வழுக்கிய நிலநடுக்கம். ஆதலால் குறுக்கே அசையும் லவ் அலைகள் அதில் வலுவாக இருந்தன. அந்த ஊசலைக் கட்டடத்தின் சட்டக மாதிரியில் தரை அசைவாகக் கொடுத்துப் பார்த்தால் போதும்; மண் மாதிரி தேவையில்லை.

மண்ணுக்கு முக்கியமான மேற்பரப்பு அலை வேறு. நிலநடுக்கத்தின் குறுகிய ஆவர்த்தன கால உடல் அலைகள் கீழிருந்து வரும்போது, கபுக் மேடு முடிந்து பீற் தொடங்கும் அந்த விளிம்பு ஒரு புதிய மூலம்போல் செயற்படுகிறது. மேட்டின் பக்கம் ஒருவிதமாகவும் பள்ளத்தின் பக்கம் இன்னொருவிதமாகவும் அசைவதால், அந்த வேறுபாடு மேற்பரப்பு அலையாக மாறிப் பள்ளத்துக்குள் ஓடுகிறது. இவ்வகை அலையின் வேகம் செக்கனுக்கு வெறும் 60 முதல் 100 மீற்றர். அலைநீளம் கட்டடத்தின் அகலத்தோடு ஒப்பிடத்தக்கது. மென்மையான ஏரிப் படிவின் மேல் அமைந்த மெக்சிக்கோ நகரம், 1985 செப்ரெம்பர் 19 ஆம் திகதி, 350 கிலோமீற்றருக்கு அப்பால் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் அழிவுற்றதை இத்துறையினர் யாவரும் அறிவர். அங்கே அதிர்வு நீண்ட நேரம் நீடித்ததற்குப் பள்ளத்துக்குள் ஓடிய மேற்பரப்பு அலைகளின் பங்கு என்ன என்பது இன்றுவரை ஆராயப்படுகிறது. வெள்ளவத்தைப் பள்ளம் மெக்சிக்கோ ஏரியல்ல. நிலநடுக்க அபாயமும் அவ்வளவு இல்லை. ஆயினும் செயற்பாடு ஒன்றே.

விளிம்பை மாதிரியில் சேர்ப்பதற்கு முன், நாங்கள் பயன்படுத்தும் கணினி நிரலும் மூலக வலையும் மேற்பரப்பு அலையைச் சரியாகக் கொண்டுசெல்கின்றனவா எனச் சோதித்தோம். 1904 இல் லாம் என்பவர் தீர்த்த கணக்கு இதற்கு மிகப் பொருத்தமானது: ஒருசீரான நிலத்தின் மேற்பரப்பில் ஓர் அடியைக் கொடுத்து, தூரத்தில் என்ன வருகிறது எனப் பார்ப்பது. கொய்வு வேகம் 200 மீற்றர், பொய்சோன் விகிதம் 0.25 எனக் கொடுத்து, 20 மீற்றரிலும் 100 மீற்றரிலும் அசைவைப் பதிந்தோம். இடைப்பட்ட 80 மீற்றரை றேலி அலை 0.435 செக்கனில் கடக்கவேண்டும். நிலைக்குத்து வீச்சத்தோடு ஒப்பிட்டால் கிடை வீச்சம் 0.68 மடங்காக இருக்கவேண்டும். துணிக்கையின் சுழற்சி எதிர்த்திசையில் இருக்கவேண்டும். இந்த மூன்றையும் ஒரு பிற்பகலில் சரிபார்த்துவிடலாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் சிக்கலான மண் மாதிரிக்குச் செல்லும் எவரையும் நான் இனி ஊக்குவிக்கமாட்டேன்.

எங்கள் பழைய வலை இச்சோதனையில் தேறியது. ஆனால் பீற் படையின் பண்புகளைக் கொடுத்ததும் தோற்றது. மூலகத்தின் பக்க நீளம் மிகக் குறுகிய அலைநீளத்தின் எட்டில் ஒன்றுக்கு மேற்படக்கூடாது என்பது குலமையரும் லிஸ்மரும் 1973 இல் வகுத்த விதி. கொய்வு வேகம் 70 மீற்றர் உள்ள பீற்றில் 2 மீற்றர் மூலகங்கள் 4.4 ஹேட்சுக்கு மேற்பட்ட எதையும் ஒழுங்காகக் கடத்தமாட்டா. மூலகத்தை 0.6 மீற்றராகக் குறைத்தோம். இது இரண்டாவது தடை. இதை நீக்குவது எளிது, கணினி நேரம் மட்டுமே கூடுதல்.

மூன்றாவது தடை தணிப்பு, அதாவது அதிர்வின் சக்தியை மண் உறிஞ்சும் அளவு. மண்ணின் தணிப்பைத் திணிவுக்கு விகிதசமமான ஒரு பகுதியாகவும் விறைப்புக்கு விகிதசமமான மற்றொரு பகுதியாகவும் பிரித்துக் கொடுப்பது பெரும்பாலான நிரல்களில் வழக்கம். இதுவும் றேலியின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. 1.4 ஹேட்சிலும் 7 ஹேட்சிலும் தணிப்பு 3 வீதமாக இருக்கும்படி அந்த இரு மாறிலிகளையும் தெரிவு செய்திருந்தோம். இடைப்பட்ட மீடிறன்களில் இது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் 0.3 ஹேட்சில் அதே மாறிலிகள் கொடுக்கும் தணிப்பு ஏறத்தாழ 12 வீதம். 20 செக்கன் ஆவர்த்தன காலத்தில் 70 வீதம். திணிவோடு இணைந்த பகுதி தரையின் முழு வேகத்தின் மீதும் ஓர் இழுவை விசைபோல் செயற்படுவதால், நீண்ட அலை மாதிரிக்குள் வந்ததும் கண்ணுக்குத் தெரியாத தூரிகை ஒன்று அதைத் தடவி அழித்துவிடுகிறது. மாதிரி எந்த எச்சரிக்கையும் தருவதில்லை. வரைபடங்கள் மென்மையாகவும் நம்பத்தக்கவையாகவும் தோன்றுகின்றன. திணிவுப் பகுதியை மிகவும் குறைத்து, சிறு விகாரத் தணிப்பை மண் முன்பின் உருமாறும்போது சக்தியை இழக்கும் சுழல் நடத்தையிலிருந்தே வரச் செய்தோம். மீதத்தை மட்டும் விறைப்புப் பகுதியிடம் விட்டோம். இதனால் உயர் மீடிறன்களில் தணிப்பு சற்று அதிகரித்தது. எங்கள் அக்கறைக்குரிய 1 முதல் 5 ஹேட்ஸ் வரையான எல்லைக்குள் அது ஏற்கத்தக்கதாகவே இருந்தது.

நான்காவது தடைதான் எங்கள் நேரத்தை மிக அதிகமாக விழுங்கியது. மேற்கே கபுக் மேட்டையும் கிழக்கே தொடரும் பீற் படையையும் கொண்ட புதிய மாதிரியில் இரு பக்கங்களும் வேறுவேறு மண். அவற்றை ஒன்றோடொன்று பிணைக்க முடியாது. ஆகவே லிஸ்மரும் குலமையரும் 1969 இல் முன்வைத்த, வரும் அலையை உறிஞ்சவேண்டிய பிசுக்குத் தணிப்பான்களைப் பக்கங்களில் வைத்தோம். அடியிலிருந்து அசைவைக் கொடுத்ததும், விளிம்பில் பிறந்த அலை ஏறத்தாழ ஒரு செக்கனில் கட்டடத்தைக் கடந்து கிழக்கே போனது. எதிர்பார்த்ததைக் கண்ணால் கண்ட மகிழ்ச்சி எங்களுக்கு. நான்கு செக்கன்களின் பின்னர், சிறிய ஆனால் தெளிவான இன்னோர் அலை கட்டடத்தை எட்டியது. இளம் பொறியியலாளர் அதைப் பள்ளத்தின் இயல்பான நீடித்த அதிர்வு என எழுதினார். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கட்டடத்திலிருந்து கிழக்கு எல்லைக்கு 120 மீற்றர். போய்வர 240 மீற்றர். அலை செக்கனுக்கு 60 மீற்றர் சென்றால் சரியாக நான்கு செக்கன்கள். எல்லையை இன்னும் 100 மீற்றர் கிழக்கே தள்ளி மாதிரியை மீண்டும் ஓட்டினோம். அந்த அலை 7.3 செக்கனில் வந்தது. நிலத்துக்குச் சொந்தமான அலை, நாம் பெட்டியின் அளவை மாற்றுவதால் தன் வருகை நேரத்தை மாற்றிக்கொள்ளாது. அது மாதிரியின் சுவரிலிருந்து திரும்பி வந்த அலை. வெள்ளவத்தையில் எங்கும் இல்லாதது.

பிசுக்குத் தணிப்பான் ஏன் அதை விழுங்கவில்லை? தணிப்பான் எல்லைக்கு நேராக வந்து மோதும் நெருக்க அலைக்கும் கொய்வு அலைக்கும் உரிய தடுப்பளவைக் (அடர்த்தியையும் அலை வேகத்தையும் பெருக்கி வருவது) கொண்டு அமைக்கப்படுகிறது. நீர் நிறைந்த மென்மண்ணில் பொய்சோன் விகிதத்தை 0.49 எனக் கொடுத்திருந்தோம். அப்போது நெருக்க அலை வேகம் கொய்வு வேகத்தின் 7.1 மடங்கு. ஆகவே எல்லைக்குச் செங்குத்தான தணிப்பானின் பெறுமானம், அடர்த்தியையும் கொய்வு வேகத்தையும் பெருக்கி வருவதன் 7.1 மடங்காக இருந்தது. ஆனால் மேற்பரப்புக்கு அருகே றேலி அலை உண்மையில் வேண்டுவது ஏறத்தாழ 4.1 மடங்கு மட்டுமே. தேவைக்கு மேல் விறைப்பான அந்தத் தணிப்பான், வந்த அலையின் கால் பங்குக்கு மேற்பட்டதைச் சுவர்போலத் திருப்பி அனுப்பியது. பொய்சோன் விகிதத்தை 0.5 ஐ நோக்கிக் கூட்டக் கூட்ட நிலைமை மோசமாகும். பீற் மண்ணில் பெரும்பாலும் உக்கலால் எழும் வாயுக் குமிழிகள் இருக்கும். சிறிதளவு குமிழியே நெருக்க அலை வேகத்தைப் பெரிதும் குறைத்துவிடும் என்பதால், 0.49 என்ற எண்ணைக் கேள்வியின்றி எழுதுவதும் சரியன்று.

கிழக்கு எல்லைக்கு முன்னால் 100 மீற்றர் நீளப் பட்டையொன்றில் தணிப்பை 2 வீதத்திலிருந்து படிப்படியாகப் பல மடங்கு உயர்த்தி, அலை தன் வலுவை இழந்த பின்னரே தணிப்பானை எட்டும்படி செய்தோம். படிப்படியாக என்பது இங்கே உயிர்நாடியான சொல். முதல் முயற்சியில் தணிப்பை ஒரேயடியாக உயர்த்தியபோது, அந்தப் பட்டையின் தொடக்கமே புதிய சுவராகி அலையைத் திருப்பி அனுப்பியது. மின்காந்த அலைகளுக்காக 1994 இல் பெரஞ்சே உருவாக்கிய, அலையைத் திருப்பாமல் உறிஞ்சும் முழுப்பொருத்தப் படை முறை பின்னர் நிலவலைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அது இதைவிடச் சிறந்தது. எங்கள் நிரலில் அந்த வசதி இருக்கவில்லை. இருந்ததைக் கொண்டு நேர்மையாகச் செய்தோம்.

இவ்வளவு பெரிய மாதிரிக்குள் பைல்களையும் (நிலத்துள் ஆழ இறக்கும் அடித்தளத் தூண்கள்) நிலக்கீழ்ச் சுவர்களையும் நுணுக்கமாக வைத்தால் ஒரு கணிப்புக்கு நாள்கணக்கில் நேரம் தேவைப்பட்டது. ஆகவே பீலாக்கும் அவருடைய குழுவினரும் 2003 இல் வெளியிட்ட ஆட்சிப்பரப்புக் குறைப்பு முறையை எடுத்துக்கொண்டோம். முதலில் கட்டடம் இல்லாத 700 மீற்றர் அகல மாதிரியை ஓட்டி, கட்டடம் வரவிருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு மூலகம் தடிப்புள்ள பட்டையில் அசைவுகளைச் சேமிப்பது; பின்னர் அந்த அசைவுகளைச் சமமான விசைகளாக மாற்றி, 100 மீற்றர் அகலமுள்ள சிறிய மாதிரியின் அதே பட்டையில் செலுத்துவது. இதன் அழகு என்னவெனில், பட்டைக்கு உள்ளே முழு அலையும் இருக்கும். வெளியே கட்டடத்தால் சிதறிய அலை மட்டும் இருக்கும். வெளி எல்லை உறிஞ்சவேண்டியது அந்தச் சிறு எச்சத்தை மட்டுமே. சரிபார்ப்பதும் எளிது: சிறிய மாதிரியிலிருந்து கட்டடத்தை எடுத்துவிட்டு ஓட்டினால், பட்டைக்கு வெளியே நிலம் அசையாமல் நிற்கவேண்டும். முதல் தடவை அது நன்றாகவே அசைந்தது. இரண்டு மாதிரிகளிலும் ஒரு படையின் அடர்த்தி வேறுபட்டிருந்ததுதான் காரணம். திருத்தியதும் வெளிப்புறம் அடங்கியது.

மண்ணின் கொய்வு வேகங்கள் நம்பத்தக்கவையா என்பதையும் மேற்பரப்பு அலையைக் கொண்டே பார்த்தோம். 24 ஜியோபோன்களை (தரை அதிர்வு உணரிகளை) 2 மீற்றர் இடைவெளியில் வரிசையாக ஊன்றி, தரையில் வைத்த உருக்குத் தகட்டைச் சம்மட்டியால் அடித்து, வெவ்வேறு மீடிறன்கள் வெவ்வேறு வேகத்தில் செல்வதிலிருந்து படைகளின் வேகத்தைக் கணிக்கும் பலதடப் பகுப்பாய்வு அது. 1999 இல் பார்க், மில்லர், சியா ஆகியோர் அதற்கு இன்றைய வடிவத்தைத் தந்தனர். 4.5 ஹேட்ஸ் ஜியோபோன்களால் பீற் படையின் அடி வரையே தெளிவாகக் காண முடிந்தது. ஆழமான பகுதிக்கு, அடியே கொடுக்காமல் தரையின் நுண்ணதிர்வைப் பதிந்து, கிடை அசைவை நிலைக்குத்து அசைவால் வகுக்கும் நக்காமுராவின் முறை உதவியது. அதன் உச்சம் 1.4 ஹேட்சுக்கு அண்மையில் விழுந்தது. காலி வீதிப் பேருந்துகளின் அதிர்வு அப்பதிவில் உயர் மீடிறன்களை நிரப்பியிருந்தது. தாழ்ந்த மீடிறன்களில், தென்மேல் பருவக்காற்றுக் காலத்துக் கடல் அலைகள் தரையில் எழுப்பும் நுண்ணதிர்வு ஓயாமல் தெரிந்தது. அந்த நுண்ணதிர்வு பெரும்பாலும் றேலி அலைகளே. நாங்கள் கணினிக்குள் எழுப்பப் பாடுபட்ட அலை, மனையில் காலடியில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது.

முடிவுகளுக்கு வருகிறேன். மேல்நோக்கிய கொய்வு அலை மட்டும் உள்ள பழைய மாதிரியில் நிலக்கீழ்த் தளத்தின் கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும் எப்போதும் ஒரே திசையில் அசைந்தன. விளிம்பு அலையைச் சேர்த்ததும், அலைநீளம் கட்டட அகலத்தின் இரு மடங்கை நெருங்கும் மீடிறன்களில் அவை எதிரெதிராக அசைந்தன. அடித்தளம் சற்றே முன்பின் சாய்ந்தாடியது. வலுவான அதிர்வு நீடித்த நேரம் கூடியது. மேற்கட்டமைப்பின் மொத்தக் கொய்வு விசையில் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை. கட்டடத்தின் ஆவர்த்தன காலம் மூன்று செக்கனை அண்டியது. விளிம்பு அலைகளோ பள்ளத்தின் 1.4 ஹேட்சுக்கு மேற்பட்ட மீடிறன்களிலேயே வாழ்பவை. பாதிக்கப்பட்டவை பைல்கள். பீற் முடிந்து மணல் தொடங்கும் 10 மீற்றர் ஆழத்தில் வளைவுத் திருப்பம் கூர்மையாக உயர்ந்தது. மேற்கு வரிசைப் பைல்களில் அது மிக அதிகமாக இருந்தது. ஐரோப்பிய நிலநடுக்க வடிவமைப்பு நியமமான யூரோகோட் 8 இன் அட்டவணையில் இந்த மனை E வகைத் தரையாக அமையும். அந்த வகைக்கான நிறமாலையை (ஆவர்த்தன காலத்துக்கேற்ப வடிவமைப்பு ஆர்முடுகலைத் தரும் வளைகோடு) மட்டும் பயன்படுத்தியிருந்தால் மேற்கு வரிசைக்கும் கிழக்கு வரிசைக்கும் இடையிலான இந்த வேறுபாடு வெளிப்பட்டிருக்காது. அந்தச் சந்திப்புக்கு மேலும் கீழும் கம்பிக்கூட்டின் நிலைக்குத்துக் கம்பிகளையும் சுற்றுக் கம்பிகளையும் நெருக்கமாக்கப் பரிந்துரைத்தோம். கட்டமைப்புப் பொறியியலாளர் அதை ஏற்றுக்கொண்டார். செலவு மொத்த அடித்தளச் செலவோடு ஒப்பிடுகையில் சிறியதே.

இருபரிமாண மாதிரிக்கு இருக்கும் இரண்டு குறைகளை அறிக்கையில் வெளிப்படையாக எழுதினோம். மாதிரி வரையப்பட்ட தளத்துக்குச் செங்குத்தாக அசையும் லவ் அலை அதில் தோன்ற முடியாது. அதற்கு முப்பரிமாண மாதிரி வேண்டும். மற்றது, இருபரிமாணத்தில் மூலம் ஒரு புள்ளியாக இல்லாமல் முடிவற்ற கோடாக இருப்பதால், றேலி அலை தூரத்தோடு விரிந்து தேய்வதே இல்லை. மண்ணின் தணிப்பு மட்டுமே அதைக் குறைக்கும். நீண்ட விளிம்பிலிருந்து வரும் அலைக்கு இது பெரிய பிழையன்று. ஆனால் அதே மாதிரியைக் கொண்டு பைல் வேலையின் அதிர்வு அயல் வீடுகளை எப்படிப் பாதிக்கும் எனக் கணிக்க ஒப்பந்தகாரர் கேட்டபோது நாங்கள் தயங்கினோம். மேற்பரப்பில் கொடுக்கும் நிலைக்குத்து அடியின் சக்தியில் 67 வீதம் றேலி அலையாகவே செல்கிறது என மில்லரும் பர்சியும் 1955 இல் காட்டினர்; ஆகவே அக்கேள்வியும் மேற்பரப்பு அலை பற்றியதே. ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் அலை 10 மீற்றரிலிருந்து 50 மீற்றர் செல்வதற்குள், விரிவினால் மட்டுமே 0.45 மடங்காகக் குறையவேண்டும். எங்கள் மாதிரி அந்தக் குறைவைக் காட்டாது.

ஆகவே தற்காலிக உருக்குக் குழாய்களை அடித்து இறக்கிய முதல் நாளன்று, ஜியோபோன்களை மீண்டும் அதே கோட்டில் ஊன்றினோம். 50 மீற்றரில் பதிவான வேகம் 10 மீற்றரில் பதிவானதன் பாதிக்கும் குறைவாகவே இருந்தது. ஒழுங்கைக்கு அப்பால் உள்ள கபுக் சுவர் வீடுகளுக்கு, ஜேர்மனியின் டின் 4150-3 நியமம் குடியிருப்புகளின் அத்திவாரத்துக்கு 10 ஹேட்ஸ் வரை அனுமதிக்கும் செக்கனுக்கு 5 மில்லிமீற்றர் என்ற அளவையும் தவிர்த்து, நலிந்த கட்டடங்களுக்கான 3 மில்லிமீற்றர் என்ற அளவையே எல்லையாக வைத்தோம். ஒழுங்கைப் பக்கத்து முதல் வரிசைக் குழாய்களுக்கு அடியின் உயரத்தைக் குறைத்துக்கொள்ளுமாறு அன்று மாலையே ஒப்பந்தகாரருக்கு எழுத்தில் அறிவித்தோம்.